பழைய வண்டியில் மின்சாரம் நின்றால்: பொருளை மாற்றுமுன் வழியைச் சோதியுங்கள்

(தோட்ட மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரை)

 

இன்று நாம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், லயங்களின் முன்னே நிற்கும் பழைய வண்டிகளைப் பற்றியதாகும். புதிய வண்டி வாங்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பல ஆண்டுகள் ஓடிய காரையோ வேனையோ ஒருவரிடமிருந்து வாங்கி, அதைப் போற்றிப் பாதுகாத்து ஓட்டுகிறவர்களே நம்மில் அதிகம். பிள்ளைகளைத் தேர்வு மண்டபத்தில் கொண்டுபோய் விடுவதும், மாதச் சாமான்களைப் பட்டணத்திலிருந்து ஏற்றி வருவதும் அந்த வண்டிதான். நள்ளிரவில் மூச்சுத் திணறும் பெரியவரையோ, பிரசவ வலி கண்ட பெண்ணையோ செம்மண் பாதையைக் கடந்து மருத்துவமனையில் சேர்ப்பதும் அதே வண்டிதான். அத்தகைய வேளையில் சாவியைத் திருப்பியதும் எவ்வித ஒலியுமின்றி வண்டி இருண்டு நின்றுவிட்டால் என்ன செய்வது?

பெரும்பாலோர் செய்வன மூன்று. உடனே புதிய பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டுவது முதலாவது. கைக்கு எட்டிய வயர்களையெல்லாம் இழுத்துப் பார்ப்பது இரண்டாவது. எரிந்துபோன பியூசின் இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவது மூன்றாவது. முதலாவது செயல் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை விழுங்கும். இரண்டாவது, இல்லாத பழுதையும் உண்டாக்கும். மூன்றாவதோ வண்டியையே தீக்கிரையாக்கும்.

ஆகவே இன்று நாம் சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். மின்சாரம் நின்றால், பொருளை மாற்றுமுன் வழியைச் சோதிக்க வேண்டும். பழைய வண்டிகளில் நேரும் மின்பழுதுகள் பலவற்றுக்குக் காரணம் விலையுயர்ந்த உறுப்புகள் அல்ல. தளர்ந்த இணைப்பும் துருவும் அழுக்குமே.

மின்சாரம் செல்லும் வழி

பால்மரத்தை வெட்டுகிறோம். பால் வெட்டுப் பள்ளத்தின் வழியே வழிந்து, கீழே செருகிய தகரத்தின் மேலோடி மங்கில் விழுகிறது. மங்கு வெறுமையாக இருந்தால் மரத்தில் பால் இல்லை என்று உடனே சொல்லிவிடுவோமா? பள்ளத்தில் பால் உறைந்து அடைத்துக்கொண்டதா, தகரம் விலகிவிட்டதா என்று முதலில் பார்ப்போம். வண்டியின் மின்சாரமும் அத்தகையதே. பேட்டரி மரமென்றால், வயரும் பியூசும் சாவிச் சுவிட்சும் அந்தப் பள்ளத்தைப் போன்றவை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பால் மங்கில் விழுந்தவுடன் அதன் பயணம் முடிந்துவிடும். மின்சாரமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி அறுந்தால் போகும் வழியும் பயனற்றுப் போகும். வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழியாக அமைந்திருக்கிறது. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் கனத்த வயரை ‘எர்த்து வயர்’ என்கிறோம். இந்த வயரைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மழையிலும் சேற்றிலும் துருவேறி, மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இதுவே.

ஈய அமிலப் பேட்டரியைப் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் உருவாக்கினார். நம் வண்டியில் உள்ளதும் அதன் வழித்தோன்றலே. 12 வோல்ட்டுப் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டுத் தரும். எனவே முழுமையாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட்டைக் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கால் பங்கும் இல்லை எனலாம்.

எஞ்சினைச் சுழற்ற ஒரு காலத்தில் இரும்புக் கைப்பிடியே பயன்பட்டது. மின்சார ஸ்டார்ட்டர் பொருத்திய காடிலாக் கார் 1912-இல் வெளிவந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் மொரிஸ் மைனர் போன்ற கார்களில் கைப்பிடியைச் செருகும் வசதி இருந்தது. பேட்டரி தீர்ந்தாலும் தோள்வலிமை கைகொடுத்தது. 1985-இல் முதன்முதலாக வெளிவந்த நம் நாட்டு புரோட்டோன் சாகா முதலிய கார்களில் அந்த வசதி இல்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரையுள்ள வழி சீராக இருந்தால்தான் அவை புறப்படும்.

கை வைக்குமுன் காப்பு

சோதனைக்குமுன் சில விதிகளை மனத்தில் பதித்துக்கொள்வோம். கைப்பிரேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்து, சாவியை அணைக்க வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே ஒரு மோதிரம் சிக்கினால், அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அதனருகே புகைபிடித்தலும் தீக்குச்சி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தலும் கூடவே கூடாது. அமிலம் கண்ணில் பட்டால், தூய நீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த்து வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியில் மாட்ட வேண்டும். இன்றைய வண்டிகளில் எர்த்தாவது எதிர்முனை. மொரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே மிகப் பழைய வண்டியானால், எந்த முனை உடலுக்குச் செல்கிறது என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். நாம் இனிச் சொல்லப்போவது எதிர்முனை எர்த்தாக உள்ள வண்டிகளுக்கு உரியது.

வேண்டிய கருவிகள் மிகச் சிலவே: ஒரு ஸ்பேனர், ஓர் உப்புத்தாள், ஒரு சோதனை விளக்கு. 12 வோல்ட்டுச் சிறு பல்பில் இரண்டு வயர்களை இணைத்தால் அதுவே சோதனை விளக்கு. மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கணினி உறுப்புகளும் காற்றுப்பையும் உள்ள புதிய வண்டிகளில் பல்பைக் கொண்டு இவ்வாறு சோதிக்கலாகாது.

முதல் நிலை: எல்லாமே நின்றுவிட்டன

ஹார்ன் இல்லை, விளக்கு இல்லை, சாவியைத் திருப்பினாலும் அசைவில்லை. இந்நிலையில் சோதனை விளக்கின் இரு வயர்களையும் பேட்டரியின் ஈய முனைகள்மீதே வையுங்கள். முனையைக் கவ்வியிருக்கும் வளையத்தின்மீது வைக்க வேண்டாம். பல்பு எரியவில்லையானால் பேட்டரி தீர்ந்துவிட்டது. எரிந்தால் பேட்டரியில் ஓரளவாவது மின்சாரம் இருக்கிறது. அது எங்கோ வழியில் தடைப்படுகிறது.

அடுத்து, நேர்முனையில் இருக்கும் வயரை அதன் வளையத்துக்கு மாற்றுங்கள். பல்பு அணைந்தால், முனைக்கும் வளையத்துக்கும் இடையிலேதான் தடை. எரிந்தால், அந்த வயரை மீண்டும் நேர்முனையிலேயே வைத்து, மற்ற வயரை உடலின் வண்ணமில்லாத இரும்பில் தொடுங்கள். அப்போது அணைந்தால் எர்த்து வயரோ அதன் வளையமோ பழுது. எஞ்சின் இரும்பிலும் தொட்டுப் பாருங்கள். உடலில் எரிந்து எஞ்சினில் எரியாவிட்டால், எஞ்சினுக்குச் செல்லும் எர்த்து அறுந்திருக்கிறது.

இவையெல்லாம் சரியாயிருந்தால் பெரிய பியூசைப் பாருங்கள். பல பழைய கார்களில் அது பேட்டரிக்கு அருகிலேயே இருக்கும். ஒரு வயரை உடலில் வைத்து, மற்றதைப் பியூசின் இருபுறமும் தொடுங்கள். ஒருபுறம் எரிந்து மறுபுறம் எரியாவிட்டால் அந்தப் பியூஸ் போய்விட்டது. இருபுறமும் எரிந்தால், சாவிச் சுவிட்சுக்குச் செல்லும் வயரையும், சாவியைத் திருப்பியபின் அதிலிருந்து வெளிவரும் வயரையும் சோதிக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வோர் அடியாகச் சென்றால், எங்கே வெளிச்சம் நிற்கிறதோ அங்கேதான் பழுது. குருட்டாம்போக்கில் தேடவேண்டிய தேவையே இல்லை.

இரண்டாம் நிலை: விளக்கு எரிகிறது, எஞ்சின் சுழலவில்லை

மிகப் பலர் ஏமாறும் இடம் இதுவே. “விளக்கு எரிகிறதே, எனவே இணைப்பெல்லாம் சரி, ஸ்டார்ட்டர்தான் கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி 0.04 ஓம் தடையை உண்டாக்குவதாக வைத்துக்கொள்வோம். சிறிய விளக்கு ஒன்றுக்கு 1 ஆம்பியர் போதும். அப்போது அந்த அழுக்கு விழுங்குவது 0.04 வோல்ட்டு மட்டுமே. விளக்கின் ஒளி குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டருக்கோ 150 ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படலாம். 150-ஐ 0.04-ஆல் பெருக்கினால் 6. அதாவது, அதே அழுக்கு 6 வோல்ட்டு வரை விழுங்கப் பார்க்கும். ஸ்டார்ட்டர் பசியோடு நின்றுவிடும். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நடந்து போகலாம். லோரி போக முடியுமா?

எனவே தலைவிளக்குகளைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அறவே மங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது அதன் முனைகளில் தடை இருக்கிறது. விளக்கு சிறிதும் மங்காவிட்டால் ஸ்டார்ட்டரையும் அதற்குச் செல்லும் வயரையும் ஐயுறலாம். மீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து வழியில் தடை உள்ளது என்பது உறுதி. பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கும்போது 9.6 வோல்ட்டுக்கு வெகு கீழே இறங்கினால், பேட்டரி போதிய அளவு நிரம்பவில்லை, அல்லது கெட்டுவிட்டது.

வளையங்களைக் கழற்றி, முனையையும் வளையத்தின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக மாட்டுங்கள். எர்த்து வயர் உடலோடு சேரும் இடத்திலும் துருவையும் வண்ணத்தையும் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். இந்தக் கால் மணி நேர வேலை, தேவையில்லாத பேட்டரி ஒன்றின் விலையை மிச்சப்படுத்தக்கூடும்.

பேட்டரிதான் தீர்ந்துவிட்டது என்றால், அதே 12 வோல்ட்டு உள்ள வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் பெறலாம். நேர்முனையோடு நேர்முனையை முதலில் இணைக்க வேண்டும். பிறகு நல்ல பேட்டரியின் எதிர்முனையில் ஒரு வயரை மாட்டி, அதன் மறுமுனையைத் தீர்ந்துபோன வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குச் சற்று எட்ட மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி பேட்டரி வாயுவில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு. பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் 6 வோல்ட்டுப் பேட்டரி இருக்கும். அதற்குக் கார் பேட்டரியை இணைக்கவே கூடாது.

மூன்றாம் நிலை: ஒரு பகுதி மட்டும் நின்றது

தலைவிளக்கு எரிகிறது, ஹார்ன் இல்லை. அல்லது பின்விளக்கு மட்டும் இல்லை. இது பியூசையும், அந்தப் பகுதிக்கே உரிய வயரையும் சேர்ந்தது. பியூஸ் எரியாமலே, அதைப் பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்தாலும் மின்சாரம் நிற்கும். விளக்கு ஒன்று மட்டும் மங்கலாக எரிந்தால், அந்த விளக்கின் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ள பியூசையே போட வேண்டும். தகட்டு வகையில் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. புதிய பியூசும் உடனே எரிந்தால், எங்கோ வயரின் தோல் உரிந்து உடலைத் தொடுகிறது என்பது பொருள். எலி கடித்த இடத்தையும், கதவோரத்தில் உராயும் இடத்தையும் தேடிப் பாருங்கள்.

வெள்ளித் தாளும் செப்புக் கம்பியும் ஏன் ஆகாது? பியூஸ் என்பது காவல்காரன். வயர் சூடேறித் தீப்பற்றுமுன் தான் எரிந்து வழியை மூடிவிடுவதே அதன் கடமை. அதன் இடத்தில் எரியாத ஒன்றை வைத்தால், பியூசுக்குப் பதிலாக வயரே எரியும். அந்த வயர் செல்வதோ இருக்கைக்கு அடியிலும் பெட்ரோல் தொட்டிக்கு அருகிலும்! பின்னிருக்கையில் உறங்குவது நம் குழந்தை என்பதை மறந்துவிடலாகாது. மாற்றுப் பியூஸ் மலிவாகவே கிடைக்கும். நான்கைந்தை வண்டியிலேயே வைத்திருங்கள்.

நான்காம் நிலை: ஓடிக்கொண்டிருக்கும்போதோ, ஒரே இரவிலோ தீர்ந்துவிடுகிறது

ஓடும் வண்டியில் மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர். மிகப் பழைய வண்டிகளில் அந்த வேலையை டைனமோ செய்யும். சாவியைத் திருப்பியதும் எரியும் சிவப்புப் பேட்டரி விளக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்; அது தளர்ந்திருக்கலாம், அறுந்திருக்கலாம். சாவியைத் திருப்பும்போதே அந்த விளக்கு எரியவில்லை என்றாலும் அசட்டை செய்யாதீர்கள். பழைய வகை ஆல்டர்னேட்டர்கள் சில, அந்த விளக்கின் வழியே செல்லும் மின்சாரத்தைக் கொண்டுதான் வேலையைத் தொடங்கும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை இருப்பது நல்லது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, “வண்டி நிற்கிறதா பார்” என்று சோதிக்கும் வழக்கம் சிலரிடம் இன்னும் உண்டு. அவ்வாறு கழற்றினால் மின்னழுத்தம் திடீரென்று உயர்ந்து ஆல்டர்னேட்டரையே கெடுத்துவிடும். இந்த வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் புறப்படாவிட்டால், மறந்துபோன விளக்கு காரணமாகலாம். 40 ஆம்பியர்-மணிப் பேட்டரியை, 55 வாட்டுத் தலைவிளக்குகள் இரண்டு நான்கரை மணி நேரத்திலேயே தீர்த்துவிடும். 5 வாட்டு உள்விளக்குக்கு ஏறத்தாழ நான்கு நாள் பிடிக்கும். ஒன்றும் மறக்கவில்லை என்றால், சாவியை எடுத்து, கதவுகளை மூடி, எதிர்முனை வயரைக் கழற்றுங்கள். அந்த வயருக்கும் முனைக்கும் இடையே சோதனை விளக்கை வையுங்கள். பல்பு நன்றாக எரிந்தால் ஏதோ ஒன்று களவாக மின்சாரம் குடிக்கிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கள்வன் இருக்கிறான்.

குண்டும் குழியுமான பாதையில் ஓடும்போது விளக்கும் எஞ்சினும் விட்டுவிட்டு நின்றால், தளர்ந்த இணைப்பே பெரும்பாலும் காரணம். பேட்டரி அதன் இடத்தில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாவியை இலேசாக அசைத்ததும் மின்சாரம் போய்வந்தால் சாவிச் சுவிட்சு தேய்ந்துவிட்டது. இத்தகைய வண்டியை இரவில் ஓட்டக்கூடாது. பெரிய சாலையில் லோரிக்கு முன்னே திடீரென்று இருண்டுபோகும் வண்டி, உயிருக்கே உலை வைக்கும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. வயர் எரியும் நாற்றம், தொட்டால் சுடும் வயர், உப்பிய பேட்டரி, மீண்டும் மீண்டும் எரியும் பியூஸ் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால், தேர்ந்த தொழிலாளியிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும். வயர் சுடுகிறது என்று கண்டதும் சாவியை அணைத்து, முடிந்தால் எர்த்து வயரைக் கழற்றிவிடுங்கள். தீப்பிடித்துவிட்டால் முதலில் ஆட்களை இறக்கி, தூர விலகி, 999 எண்ணை அழையுங்கள். பொருளைக் காக்க உள்ளே புகவேண்டாம்.

பட்டறைக்குச் செல்லும்போதும் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். “ஐயா, பேட்டரியில் 12.6 இருக்கிறது, எர்த்து வழியில்தான் தடை” என்று சொல்லத் தெரிந்தவரிடம், தேவையில்லாத பொருளை யாரும் எளிதில் விற்றுவிட முடியாது. விவரம் அறிந்து கேட்பது பட்டறைக்காரரை அவமதிப்பதாகாது; நல்ல தொழிலாளி அதனை வரவேற்கவே செய்வார்.

மாதத்தில் ஒரு நாள்

பெருமக்களே! வெட்டுக் கத்தியைத் தீட்டாமல் நீங்கள் நிறைக்குப் போவதில்லை. வண்டிக்கும் மாதத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரி மூடிகளைத் திறக்கும் வகையானால் நீரின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள்; கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் பேட்டரிக்குப் பகை. முனைகளில் வெள்ளைப் பொடி கண்டால், மூடிகளை இறுக மூடி, சோடா உப்பு கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கியபின் மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள். எர்த்து வயரையும் பெல்ட்டையும் ஒருமுறை பாருங்கள். நம் நாட்டு வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் வண்டியை இயன்றவரை நிழலில் நிறுத்துங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நாம் இங்கே சொன்ன நான்கு நிலைகளையும் ஓர் அட்டையில் எழுதி, கையுறைப் பெட்டியில் வையுங்கள். லயத்தில் இரண்டு பேராவது இந்தச் சோதனைகளைப் பகலில் செய்து பழகுங்கள். இரவில் ஒரு கதவு தட்டப்படும்போது, நோயாளி திண்ணையில் காத்திருக்கும்போது, கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அப்போது கையில் இருக்க வேண்டியது சோதனை விளக்கு; மனத்தில் இருக்க வேண்டியது அதனை வைக்கும் முறை.